கடைசி வண்டி

குழுவாக மோட்டார் சைக்கிளில் போகும்போது முதல் வண்டிக்கு மரியாதை, கடைசி வண்டிக்கு வேலை. முன்னால் போகிறவர் வழி காட்டுவார், வேகத்தைத் தீர்மானிப்பார், எல்லா போட்டோவிலும் இருப்பார். கடைசியில் வருகிறவர் யாரையும் முந்தக் கூடாது. ஓரங்கட்டி நிற்கிற வண்டி எதுவானாலும் அதன் பின்னால் நின்றாக வேண்டும். அவர் பெட்டியில்தான் ஸ்பேனர் செட்டு, பஞ்சர் சாமான், கைப்பம்பு, இரண்டு மூன்று வகை பிளக், கிளட்ச் ஒயர், செயின் லாக், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி எல்லாம் இருக்கும். சென்னையிலிருந்து கடலூர் மாவட்டத்துக் கீரப்பாளையத்துக்குப் போன ஒரு சாரிட்டி ரைடில் அந்த இடம் எனக்கு வாய்த்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதே சரி. நிற்கிற வண்டியோடு நிற்பவனுக்குத்தான் ஊர் பார்க்கக் கிடைக்கும்.

மாசி மாதம். முப்பது வண்டிக்குப் பக்கம் இருக்கும். முதல் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து கடலூரில் தங்கிவிட்டு, விடிந்ததும் கெடிலம் பாலம் கடந்து, முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம் என்று தெற்கே இறங்கினோம். சாலையின் இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு முடிந்த தாள்கள். அறுக்காமல் விட்ட கடைசிப் பங்குகளில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

புதுச்சத்திரம் வருவதற்கு முன் ஒரு வண்டி நின்றது. இருபத்தைந்து வயதிருக்கும் தம்பி, கார்பரேட்டர் வைத்த பழைய வண்டி, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். பிளக் போயிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் காயிலையே மாற்றச் சொன்னார். அதற்குள் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது. கிளம்பினோம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிருப்போம், மறுபடியும் இருமி இருமி நின்றது.

மோட்டார் சைக்கிள் நின்றால் ஏன் நின்றது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது நின்றது, எப்படி நின்றது என்று கேட்க வேண்டும். சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகம். இழுவை குறைந்து, திணறி, இருமி நின்றால் பெட்ரோல் பக்கம். மழையிலும் ஈரத்திலும் மட்டும் நின்றால் பிளக் மூடியையும் அதற்கு வருகிற ஒயரையும் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நின்று, ஆறிய பிறகே உயிர் வந்தால் காயில். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, திணறி நின்று, சும்மா நிறுத்தி வைத்தாலே சரியாகி, மறுபடி அதே தூரத்தில் நின்றால் பெட்ரோல் டேங்க் மூடி.

மூடியைத் திறக்கச் சொன்னேன். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டேங்கிலிருந்து பெட்ரோல் கார்பரேட்டருக்குத் தன் எடையால்தான் இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். இந்த வண்டியில் துளையை அடைத்தது தூசியோ துருவோ இல்லை. முதல் நாள் இரவு எல்லோருக்கும் கொடுத்த வட்ட ஸ்டிக்கர். ரைடின் பெயர், தேதி, கைகூப்பிய சின்னம் எல்லாம் அச்சிட்டது. தம்பி சாவித் துவாரத்துக்கு மட்டும் அழகாக வெட்டிவிட்டு மூடியின் மேல் இழுத்து ஒட்டியிருந்தார். அதை உரித்து எடுத்த பிறகு கீரப்பாளையம் வரை அந்த வண்டி நிற்கவில்லை.

விளம்பரம் மூச்சை அடைத்தது என்று அங்கேயே ஒருவர் சிரித்தார். சாரிட்டி ரைடுகளைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகமும் ஏறக்குறைய அதுதான்.

கணக்குப் போட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து இங்கே போக வர சுமார் 450 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கொடுக்கிற வண்டி என்றால் 13 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆளுக்கு 1,300. முப்பது வண்டிக்கு 39,000. தங்கல், சாப்பாடு, டி-ஷர்ட், பேனர் தனி. அந்தப் பணத்தை அப்படியே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்கிறவரை வாயடைக்க முடியாது. கொடி அசைத்து வைக்க ஒரு அதிகாரி, மாலை, நாலு டஜன் நோட்டுப் புத்தகம், குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்து ஒரு படம் என்று முடிகிற ரைடுகளைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் செலவில் பாதி கூட அந்த நோட்டுப் புத்தகம் ஆகியிருக்காது.

உலகம் முழுவதும் பேர் பெற்ற சாரிட்டி ரைடு ஒன்று இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தது. 2012-ல் சிட்னியில் மார்க் ஹவ்வா என்பவர் தொடங்கியது. டிஸ்டிங்குவிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு என்று பெயர். கோட்டு சூட்டு மாட்டி, பழைய பாணி வண்டிகளில், ஒரே ஞாயிற்றுக்கிழமை பல நாடுகளின் நகரங்களில் ஓட்டுகிறார்கள். சென்னையிலும் நடந்திருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும் பணம் போகிறது. அங்கே ஓட்டுகிறவர் தன் பையிலிருந்து மட்டும் கொடுப்பதில்லை. தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் தன் பெயரில் நன்கொடை கேட்கிறார். வேடிக்கை பார்க்கிறவரும் பணம் போடுகிறார். ஓட்டும் தூரமும் ஊருக்குள் ஒரு சுற்றுதான். பெட்ரோல் செலவு சிறிது, வருகிற பணம் பெரிது. சரியான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கீரப்பாளையத்துக்குப் பொருந்தாது. இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் கல்யாண வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம் மேற்கு வங்கத்து ஜல்பைகுரியின் கரீமுல் ஹக். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தாயை இழந்தவர். பிறகு தன் மோட்டார் சைக்கிளிலேயே நோயாளிகளை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரே ஆள், ஒரே வண்டி, கொடி அசைப்பு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் 108 சேவையில் 2016-ல் இருசக்கர ஆம்புலன்ஸ்கள் சேர்ந்ததும் இதே தேவைக்காகத்தான். நான்கு சக்கரம் நுழைய முடியாத இடத்தில் இரண்டு சக்கரம் நுழையும்.

எங்கள் குழுவும் முதலில் நோட்டுப் புத்தகம்தான் யோசித்தது. கீரப்பாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் குழுவில் ஒருவருக்கு உறவு. போனில் கேட்டபோது அவர் சிரித்துவிட்டாராம். “புஸ்தகம், நோட்டு, பை, செருப்பு, பிளஸ் ஒன் போனா சைக்கிள், எல்லாம் கவர்மெண்டு விலையில்லாமக் குடுக்குதுங்க. நீங்க குடுக்கறதை எங்க வைக்கிறது?” அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்க வண்டிக்காரங்கதானே? எங்க ஆளுங்க வண்டியப் பாருங்க. முக்காவாசி வண்டிக்கு பிரேக்கு புடிக்கல, பின்னால லைட்டு எரியல.”

கடலூர் மாவட்டத்துக்கு உதவி புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடைசியில் வெள்ளம் என்று பதினொரு வருடத்தில் மூன்று முறை வெளியூர் லாரிகள் வரிசையாக வந்த மண். சுனாமி சமயத்தில் நாகை, கடலூர் கடற்கரைப் பக்கம் போனவர்கள் மறக்காத காட்சி, சாலையோரத்தில் மலை மலையாகக் கிடந்த பழைய துணி. போடவே முடியாத கம்பளிகளும் கோட்டுகளும் அதில் இருந்தன. மீனவக் குடும்பத்து ஆட்கள் அதைத் தொடக்கூட இல்லை. அனுப்பியவர்களின் மனதில் குறை சொல்ல முடியாது. பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் காயிலை மாற்றச் சொன்னாரே எங்கள் மூன்றாமவர், அவர் மனதிலும்தான் என்ன குறை?

பி.முட்லூரில் வலப்பக்கம் திரும்பி புவனகிரி சாலையைப் பிடித்தோம். நேரே போனால் வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம். எங்களுக்கு ராகவேந்திரர் பிறந்த புவனகிரி வழியாகப் போய், அங்கே வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் கீரப்பாளையம். ஆற்றில் மணல் மேடுகளுக்கு நடுவே தண்ணீர் ஒதுங்கிக் கிடந்தது. ஐப்பசி கார்த்திகையில் பார்த்தவர்களுக்கு இது அதே ஆறு என்று நம்புவது கஷ்டம்.

பாலம் இறங்கியதிலிருந்து சாலையில் பாதி நெற்களம். தார்ச்சாலை சூடு நெல்லைச் சீக்கிரம் காய வைக்கும், களத்துக்கு வாடகை கிடையாது. ஓரத்தில் கல்லை வரிசையாக அடுக்கி, உள்ளே நெல்லைப் பரப்பி, ஒரு அம்மா காலாலேயே கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருப்பார். சட்டம் என்ன சொன்னாலும் அந்த மாதத்தில் அந்தச் சாலை அவர்களுடையது. இரண்டு சக்கரத்துக்காரன் நெல் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மட்டும் தளர்த்தி, நேராகப் போய்விட வேண்டும். வளைக்கக் கூடாது. வைக்கோல் இன்னும் மோசம். நீள வைக்கோல் பின் சக்கரத்தில் மாட்டி, செயினோடு சுற்றி, ஸ்பிராக்கெட்டுக்குள் போய் இறுகிவிடும். இரண்டு வண்டிகளுக்கு அப்படி ஆனது. ஒன்றில் கையால் உருவ வந்துவிட்டது. மற்றதில் செயின் ஏற்கெனவே தொய்ந்து போனது, வைக்கோல் இறுகியதும் கழன்றே விட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, அச்சு நட்டைத் தளர்த்தி, செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஓர் அங்குலம் வரை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பார்க்க வேண்டும். தேய்ந்த செயின் ஓர் இடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தொங்கும். இறுகிய இடத்தில் அளந்து வைப்பதே பாதுகாப்பு. ஒரேயடியாக இறுக்கினால் பேரிங் போகும்.

வண்டி பழுது பார்க்கும் முகாம் நடந்தது கீரப்பாளையத்தில் சாலையோரத்து மெக்கானிக் ஷெட் ஒன்றின் முன்னால். தகரக் கூரை, வேப்ப மரம், மரத்தில் தொங்குகிற பழைய டயர்கள். ஐம்பது வயது தாண்டிய அந்த மெக்கானிக்கைப் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் முறையாகத் தொழில் கற்ற மெக்கானிக்குகள் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் நட்டு கழற்றுவது, துடைப்பது, பல்பு மாற்றுவது, காற்றுப் பிடிப்பது. பிரேக் ஷூ, பல்பு, ஒயர், பிளக், செயின் ஸ்பிரே, சிவப்பு ஒளிரும் டேப் எல்லாம் குழுவின் செலவு. ஊர் மெக்கானிக்குக்குக் கூலியும் உண்டு. அதில் நாங்கள் கறாராக இருந்தோம். இலவச முகாம் என்று வந்து ஊர் மெக்கானிக்கின் ஒரு நாள் வருமானத்தைப் பறித்துவிட்டுப் போவது என்ன தர்மம்?

வந்த வண்டிகளில் பாதி டிவிஎஸ் எக்ஸெல். 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தபோது இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் என்பதே நாட்டுக்குப் புதிது. அதன் வழிவந்த வண்டிகள் இன்று இந்தப் பக்கத்தில் மாட்டுவண்டி செய்த வேலை முழுவதையும் செய்கின்றன. உர மூட்டை, விதை நெல், புல்லுக்கட்டு, பால் கேன், பம்பு செட்டு மோட்டார், பிள்ளைகள். எங்கள் கூட்டத்தின் பெரிய வண்டிகளைச் சுற்றிச் சிறுவர்கள் நின்றார்கள். பெரியவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் என் வண்டியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல மூட்டை எங்க வைப்பீங்க?” என்று கேட்டார்.

பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து மீன் எடுத்து வந்து ஊர் ஊராக விற்கிற அம்மா ஒருவர் வந்திருந்தார். அவர் வண்டியின் பின்பக்கம் துரு தின்று பொரிந்து கிடந்தது. ஐஸ் உருகி, மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக கேரியரிலும் செயினிலும் பின் பிரேக் டிரம்மிலும் விழுகிறது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே பிரேக் கேம் துருவில் பிடித்துப்போய் அசையவே இல்லை. அதனால்தான் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்கவில்லை, ஷூ தேயவே இல்லை. முதலில் கையில் எடுத்த புது ஷூவைத் திரும்பப் பெட்டியில் வைத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேமுக்குக் கொஞ்சமாகக் கிரீஸ் வைத்து, பழைய ஷூவையே மாட்டினோம். மெக்கானிக் ஓர் உரச் சாக்கை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டு, தண்ணீர் ஒரு பக்கமாக வடிந்து சாலையில் விழுகிற மாதிரி ஒரு குழாயும் சொருகிக் கொடுத்தார். அந்த வண்டிக்குச் செய்த வேலையில் அதுதான் பெரிய வேலை.

“பிளக்கைப் பாருங்க சார், வண்டியோட நாக்கு” என்று மெக்கானிக் எங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கழற்றிய பிளக்குகளை வரிசையாகப் பழைய செய்தித்தாளில் வைத்திருந்தார். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்து காய்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய் பிசுபிசுத்து ஈரமாக இருந்தால் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாமல் சூடேறுகிறது. அன்றைக்கு வந்ததில் பெரும்பாலும் கரி. காரணம் ஒன்றேதான். ஏர் ஃபில்டரைத் திறந்து தட்டினால் வைக்கோல் தூசு பொல பொலவென்று கொட்டியது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே ஓடுகிற வண்டிகள். ஸ்பஞ்சு ஃபில்டராக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, காய வைத்து, லேசாக ஆயில் தொட்டு மாட்டலாம். காகித ஃபில்டரை அலசக் கூடாது, தட்டி ஊதலாம், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். “மைலேஜ் இல்ல, மைலேஜ் இல்லன்னு கார்பரேட்டரைத் திருகுவாங்க. மூக்க அடச்சிக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி?”

ஒரு எக்ஸெல்லின் ஹேண்டில்பார் பிடிமானத்தில் ஆட்டம் இருந்தது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் திரும்பியது. அவர் காலி சோடா டின் ஒன்றை எடுத்து, கத்தரியால் ஒரு பட்டை வெட்டி, வளைத்துச் சொருகி இறுக்கினார். முடிந்தது. எனக்கு ராபர்ட் பிர்சிக் நினைவு வந்தது. மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தத்துவத்தையும் சேர்த்து அவர் எழுதி 1974-ல் வெளிவந்த ஜென் நாவலில் கிட்டத்தட்ட இதே இடம் வரும். நண்பரின் விலை உயர்ந்த ஜெர்மன் வண்டிக்கு பீர் டின்னில் பட்டை வெட்டி வைக்கலாம் என்று கதைசொல்லி சொல்ல, நண்பருக்கு அவமானமாகிவிடும். பிர்சிக் இளம் வயதில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் தத்துவம் படித்தவர். காசிக்குப் போனவர் இந்த ஷெட்டுக்கும் வந்திருந்தால் அந்த அத்தியாயத்தில் சண்டையே வந்திருக்காது. எக்ஸெல்காரர் டின்னைப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு வெட்டி மக்கார்டுக்கும் வைங்கண்ணே” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் 2015 பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு இந்த ஷெட்டின் முன்னால் வண்டிகள் சாலை வரை நின்றனவாம். மூழ்கிய வண்டியில் ஆட்கள் செய்கிற முதல் காரியம், தண்ணீர் வடிந்ததும் ஆசையாகக் கிக்கரை உதைப்பது. அதுதான் வண்டியைக் கொல்லும். சிலிண்டருக்குள் நிற்கிற தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. உதைத்தால் கிக்கர் முட்டி நிற்கும், செல்ஃப் போட்டாலோ தள்ளி ஓட்டினாலோ கனெக்டிங் ராடு வளையும். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். வண்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். பெட்ரோலையும் ஆயிலையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து, தெளிவாக வரும்வரை மாற்ற வேண்டும். “காசு இல்லாதவங்க வண்டிக்கெல்லாம் பழைய ஆயிலையே காட்டன் துணில வடிகட்டி மொத அலசுக்கு ஊத்தினேன் சார். தப்புதான். ஆனா கெட்ட தண்ணிக்கு அது மேல்.” அந்த நாட்களில் நிவாரணப் பொட்டலங்கள் உள்ளூர்த் தெருக்களுக்குள் போனது இந்த எக்ஸெல்களின் மேல்தான் என்றும் மெக்கானிக் சொன்னார். பெரிய லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடும்.

மாலைக்குள் வெளிச்சம் வேலை. பின் விளக்குக்கு பல்பு போட்டால் மட்டும் போதாது, எர்த் ஒயர் துருப்பிடித்த இடத்தில் சுரண்டி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரமே அணையும். பல்பே வைக்க இடமில்லாத வண்டிகளுக்கும், வழியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்ட டிராக்டர் டிரெய்லர்களுக்கும் சிவப்பு டேப் ஒட்டினோம். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரெய்லர்கள் இரவில் விளக்கில்லாமல் நின்றால், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு அவை தெரிவதே கடைசி நொடியில்தான். என்னைக் கேட்டால் அன்று செலவழித்த பணத்தில் உயிரைக் காப்பாற்ற அதிக வாய்ப்புள்ளது அந்த டேப் சுருள்கள். போட்டோவில் அது எடுபடவில்லை.

ரத்த தானமும் வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஒரு யோசனை இருந்தது. நல்ல வேளை, விட்டோம். ரத்தம் கொடுத்த கையோடு ஹெல்மெட் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டுவது தானம் இல்லை, அசட்டுத் தைரியம். மறு நாள் ஓய்வு என்றால் வேறு விஷயம்.

வேலை முடிந்ததும் வீராணம் ஏரியைப் பார்க்காமல் போவதா என்று பாதிப் பேர் கிளம்பினார்கள். கடைசி வண்டிக்கு விலக்கு ஏது? சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் ஏரிக்கரை ஏறினோம். வீராணம் என்றாலே வந்தியத்தேவனைக் குதிரையோடு அழைத்து வந்துவிடுவது பயணக் கட்டுரைக்காரர்களின் வழக்கம். அவன் குதிரைக்குக் கிளட்ச் ஒயர் கிடையாது என்பதால் விட்டுவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் படையைக் கொண்டு வெட்டிய ஏரி என்பார்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிரம்புகிறது. எங்கள் குழுவில் பலருக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகிற திட்டம். போரூரில் குடியிருக்கிற ஒருவர் கரையில் நின்று, “அப்ப நான் இதைத்தான் குடிக்கிறேனா?” என்றார். ஆமாம் என்றேன். கீரப்பாளையத்துக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற பேச்சை அன்று இரவு யாரும் எடுக்கவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சி.

இரவு தங்கச் சிதம்பரம் போகும் வழியில் இருட்டில் ஒரு வண்டிக்குக் கிளட்ச் ஒயர் அறுந்தது. லீவருக்குள் இருக்கிற ஈயக் குண்டின் கழுத்தில்தான் எப்போதும் அறும். ஒவ்வொரு இழையாக அறுந்து வரும்போதே லீவர் கடினமாகித் தகவல் சொல்லும். என்னிடம் இருந்த மாற்று ஒயர் அந்த வண்டிக்கு நீளம் போதவில்லை. கிளட்ச் இல்லாமலும் சிதம்பரம் போகலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஓடித் தள்ளி, வேகம் வந்ததும் முதல் கியரைத் தட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரை ஒரு கணம் மூடி, அந்தத் தளர்ச்சியில் கியரை மேலே தூக்க வேண்டும். நிற்பதற்கு முன்னால் நியூட்ரல். புவனகிரியையும் கீரப்பாளையத்தையும் தாண்டி, ரயில்வே கேட்டோ சிக்னலோ குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அவர் ஓட்ட, நான் பின்னால் விளக்குக் காட்டி வந்தேன்.

மறு நாள் காலை சிதம்பரத்தில் உதிரிபாகக் கடை திறக்கும்போது வாசலில் கீரப்பாளையம் மெக்கானிக் நின்றிருந்தார். முகாமில் தீர்ந்துபோன சரக்கை வாங்க வந்திருந்தார். எனக்கு வேண்டிய ஒயரை அவரே நீளம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் மூன்று வண்டிகளைக் கை வைக்காமலே திருப்பி அனுப்பியது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது போலும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு எக்ஸெல் வரைக்கும் பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. கார்பரேட்டர் இல்லை, திருக ஸ்க்ரூ இல்லை. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் எந்த சென்சார் என்று சொல்ல ஒரு கருவி வேண்டும். அது இல்லாமல் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

“அடுத்த தடவ வந்தா பனியன் அடிக்காதீங்க சார்” என்றார். “அந்தக் காசுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கிக் குடுங்க. என் பேருக்கு வேணாம். ஒன்றியத்துல நாங்க ஏழெட்டு மெக்கானிக் இருக்கோம், மாத்தி மாத்தி வச்சிக்கிறோம். அதுல பாத்துச் சொல்ல ஒரு பையனையும் ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க.”

எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொருந்துகிற கருவி என்ன விலை என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் விசாரித்துச் சொல்கிறேன் என்று என் எண்ணைக் குறித்துக்கொண்டார். மெக்கானிக், “என் நம்பரையும் எழுதிக்குங்க, இவரு சென்னை போனா மறந்துடுவாரு” என்றார்.